கருந்துளையும் நமது எழுத்தும்: ஒரு சுயவிமர்சனம்

பத்து வருடங்களுக்கு முன்னர் மீலாத் விழா மலரொன்றுக்குக் கட்டுரை கேட்டார்கள். கருந்துளைகளைப் பற்றி அல்குர்ஆன் அன்றே சொல்லிவிட்டது என்ற கருத்தில் மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தேன். யாரோ ஆற்றிய உரையொன்றைக் கேட்ட ஞாபகம், இணையத்தில் கிடைத்த சில வரிகள், என்னுடைய தமிழ்நடை. இவ்வளவும்தான் மூலதனம். கட்டுரை நன்றாகப் போனது. ஒரு மௌலவி குத்பாவில் அதைத் தொட்டுப் பேசினார். காலைக் கூட்டத்தில் ஒரு மாணவர் வாசித்தார். "மாஷா அல்லாஹ், நல்லா எழுதீக்கிறீங்க" என்று பலர் கைகொடுத்தார்கள்.

இன்று அதை மறுத்து எழுதுகிறேன். மறுக்கத் தூண்டியவர் ஓர் ஆய்வாளரோ ஆலிமோ அல்ல. பசறைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து பஸ் ஏறி வந்து, உயர்தரத்தில் கணிதப் பிரிவு படித்த ஒரு மாணவி. பாடசாலை நூலகத்தை அடுக்கிக்கொண்டிருந்தபோது அந்தப் பழைய மலர் அவருடைய கையில் அகப்பட்டிருக்கிறது. இரண்டு நாள் கழித்து ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றார்.

"சேர், நீங்க எழுதினதுல, கருந்துளை பக்கத்துல இருக்கிற எல்லாத்தையும் கூட்டி அள்ளி உறிஞ்சிடும்னு இருக்கு. ஆனா சூரியன எடுத்துட்டு அதே திணிவுல ஒரு கருந்துளைய வச்சா, பூமி இப்ப சுத்துற மாதிரியேதான் சுத்தும்னு பிஸிக்ஸ் சேர் சொல்றாரு. ரெண்டுல எது சேர் சரி?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாத ஒன்றை மூன்று பக்கத்துக்கு எழுதியிருக்கிறேன் என்பது மட்டும் தெரிந்தது. ஒரு கிழமை வாசித்த பிறகு அவரிடம் சொன்னேன்: "பிஸிக்ஸ் சேர் சொல்றதுதான் சரி. நான் எழுதினது பிழை."

அந்தப் பிழை எங்கே தொடங்கியது என்று தேடியதன் விளைவே இக்கட்டுரை. என் கட்டுரையை மட்டும் குறை சொல்வது இதன் நோக்கமல்ல. அந்த வகை எழுத்து நம்மிடையே நிறைய உண்டு. அதில் எனக்கும் பங்கு இருந்தபடியால், கத்தியை முதலில் என் பக்கம் திருப்பிக்கொள்கிறேன்.

பெயர் என்னும் உருவகம்

தமிழ் படித்தவன் என்ற வகையில் முதலில் சொல்லைப் பார்க்கிறேன். இந்தப் பொருளுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர், அமெரிக்கப் பௌதிகவியலாளர் ஜோன் வீலர் 1967 இல் தமது உரையில் எடுத்தாண்ட பிறகுதான் பரவியது. நாம் அதைக் 'கருந்துளை' என்றும் 'கருங்குழி' என்றும் பெயர்த்துக்கொண்டோம். இரண்டும் உருவகங்கள். உருவகம் என்றால் அதைச் சோதிக்கத் தமிழில் அளவுகோல் உண்டு. தொல்காப்பியத்தின் உவமவியல், உவமை பொருந்தும் இடங்களை வினை, பயன், மெய், உரு என்று நான்காக வகுக்கிறது. செயல், விளைவு, வடிவம், நிறம் என்று எளிமையாகச் சொல்லலாம்.

நிறம் பொருந்துகிறது. ஒளி வெளியேறாத இடம் கருமையாகத்தான் இருக்கும். வடிவம் பொருந்தவில்லை. தமிழில் துளை என்றால் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வெளியேறுவது. புல்லாங்குழலில் இருப்பது துளை, காதில் குத்துவது துளை. குழி என்றால் அடியுள்ளது. கருந்துளை இரண்டுமல்ல. அது எல்லாத் திசையிலிருந்தும் நெருங்கக்கூடிய ஒரு கோளப் பகுதி. அதன் விளிம்பை 'நிகழ்வெல்லை' என்கிறார்கள். அந்த எல்லைக்கு உள்ளே போன எதுவும், ஒளி உட்பட, திரும்பி வராது. எல்லை எவ்வளவு பெரிது என்பதைத் திணிவு தீர்மானிக்கிறது. சூரியனின் திணிவு முழுவதையும் கருந்துளையாக்க வேண்டுமானால் ஏறத்தாழ 3 கிலோமீற்றர் ஆரைக்குள் நெருக்க வேண்டும். பூமியையென்றால் 9 மில்லிமீற்றர் ஆரைக்குள், அதாவது பிள்ளைகள் விளையாடும் ஒரு கண்ணாடிக் குண்டுக்குள்.

நமது எழுத்து வழுக்கி விழுவது செயலில்தான். துளை என்றதும் ஓட்டை வாளியும் வடிகானும் நினைவுக்கு வருகின்றன. அடுத்த வரியில் 'உறிஞ்சுகிறது', 'விழுங்குகிறது', 'இரை தேடி அலைகிறது' என்று எழுதிவிடுகிறோம். ஈர்ப்பு அப்படி வேலை செய்வதில்லை. தூரத்திலிருந்து பார்த்தால், சூரியனளவு திணிவுள்ள கருந்துளையின் ஈர்ப்பும் சூரியனின் ஈர்ப்பும் ஒன்றுதான். சூரியன் இருந்த இடத்தில் அது இருந்தால் நமக்கு வெளிச்சமும் வெப்பமும் இல்லாமற் போகும். ஆனால் பூமி தன் பாதையை விட்டு நகராது. மிக நெருங்கிப் போகும் வாயுவும் விண்மீனும்தான் சிதைந்து உள்ளே விழும். மாணவி கேட்ட கேள்விக்கு விடை இதுதான். சொல்லின் உருவகத்தைப் பொருளின் இயல்பாக எடுத்துக்கொண்டேன். அங்கே தொடங்கியது என் பிழை.

காணாததைக் காட்டும் சாட்சிகள்

அப்படியானால் ஒளியே வராத ஒன்றை எப்படி அறிந்தார்கள்? என் கட்டுரையில் இந்தக் கேள்வியே இருக்கவில்லை. "விஞ்ஞானிகள் கண்டுபிடித்துள்ளனர்" என்ற ஒரு வரியோடு தாண்டிப் போயிருந்தேன். உண்மையில் சுவையான பகுதி இதுதான்.

ஊவாவிலிருந்தே தொடங்கலாம். இரவு அஞ்சல் கோச்சி தெமோதரை வளைவில் இறங்குவதை எதிர்மலை லயத்து வாசலிலிருந்து பார்ப்பவருக்கு மலை தெரியாது. இருட்டில் விளக்குகளின் வரிசை மட்டும் சுற்றிவருவது தெரியும். நடுவே ஒரு மேடு இருக்கிறது என்பதை அந்தச் சுற்றே சொல்லிவிடும். இந்த உவமையும் முழுதாகப் பொருந்தாது. கோச்சிக்குத் தண்டவாளம் இருக்கிறது, விண்மீனுக்கு இல்லை. ஆனாலும் காணாத ஒன்றை அதைச் சுற்றி வருவதன் மூலம் அறியலாம் என்ற அளவுக்கு இது உதவும்.

நமது பால்வீதியின் மையத்தில், ஏறத்தாழ 26,000 ஒளியாண்டு தொலைவில், எஸ்2 என்ற விண்மீன் வெற்றிடம் போலத் தெரியும் ஓரிடத்தைச் சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 16 வருடம். அந்தப் பாதையை வைத்துக் கணக்கிட்டால் நடுவில் இருப்பதன் திணிவு ஏறத்தாழ 40 இலட்சம் சூரியன்கள். 2018 மே மாதம் எஸ்2 அதற்கு மிக அருகில், செக்கனுக்கு 7,600 கிலோமீற்றருக்கும் அதிகமான வேகத்தில் கடந்தது. அப்போது அதன் ஒளி சிவப்புப் பக்கம் நகர்ந்திருந்தது. வலிய ஈர்ப்பிலிருந்து ஏறி வரும் ஒளி சக்தியை இழந்து சிவக்கும் என்பது ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் சொன்ன விடயம். அளவீடு அதற்குப் பொருந்தியது.

இந்த இடத்தில் நம் வாசகருக்கு நன்கு பழக்கமான ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த ஆய்வை இரண்டு குழுக்கள் தனித்தனியே செய்தன. ரைன்ஹார்ட் கென்ஸலின் குழு சிலி நாட்டுத் தொலைநோக்கிகளையும், அன்ட்ரியா கெஸ்ஸின் குழு ஹவாய்த் தீவிலுள்ள கெக் தொலைநோக்கியையும் பயன்படுத்தின. ஒன்றையொன்று சாராத இரண்டும் ஒரே முடிவுக்கு வந்தன. 2020 இல் இவ்விருவரும் ரொஜர் பென்ரோஸுடன் பௌதிகவியல் நொபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். ஹதீஸ் கலை படித்தவருக்கு இது புதிதாக இராது. ஒரு செய்தி இரு வேறு அறிவிப்பாளர் வரிசைகளில் வந்தால் அதன் தரம் உயர்கிறது. அந்த வரிசைகள் நடுவில் ஒரே ஆளிடம் போய்ச் சேருகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். நம் முன்னோர் ஆயிரம் வருடத்துக்கு முன்னரே இந்தக் கண்டிப்போடு செய்தியைச் சோதித்தார்கள். என்னுடைய மலர்க் கட்டுரைக்கு இருந்த அறிவிப்பாளர் வரிசை 'ஒருவர் சொன்னார்' என்பதுதான்.

மற்றொரு சாட்சி 2015 செப்டெம்பர் 14 அன்று கிடைத்தது. 130 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் ஏறத்தாழ 36, 29 சூரியத் திணிவுள்ள இரண்டு கருந்துளைகள் ஒன்றோடொன்று கலந்தன. மீந்தது 62 சூரியத் திணிவு. குறைந்துபோன 3 சூரியத் திணிவு ஈர்ப்பலையாக வெளியேறியது. அமெரிக்காவின் லைகோ நிலையங்களில் 4 கிலோமீற்றர் நீளக் குழாய்களின் நீளம், ஒரு புரோத்தனின் விட்டத்தைவிட மிகமிகக் குறைவான அளவில் அசைந்தது. அவ்வளவு நுட்பமான அசைவு மூவாயிரம் கிலோமீற்றர் இடைவெளியிலுள்ள இரண்டு நிலையங்களிலும் பதிவானபடியால்தான் நம்பினார்கள். அப்போதும் உடனே அறிவித்துவிடவில்லை. ஐந்து மாதம் சோதித்து, 2016 பெப்ரவரியில்தான் உலகுக்குச் சொன்னார்கள்.

2019 ஏப்ரல் 10 அன்று வெளியான செம்மஞ்சள் வளையப் படத்தை எல்லாரும் வட்ஸ்அப்பில் பார்த்திருப்பீர்கள். எம்87 என்ற விண்மீன் திரளின் மையத்தில், 5.5 கோடி ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள, 650 கோடி சூரியத் திணிவுள்ள கருந்துளையின் படம் அது. 'கருந்துளையின் போட்டோ' என்று எழுதினோம். படத்தில் இருப்பது கருந்துளையின் நிழல். சுற்றியுள்ள சூடான வாயுவின் வானொலி அலைகள் ஈர்ப்பினால் வளைந்து வளையமாகத் தெரிகின்றன. நிறமும் கண்ணால் கண்ட நிறமல்ல, விளங்குவதற்காகப் பூசியது. உலகின் பல மூலைகளில் இருந்த எட்டுத் தொலைநோக்கிகள் ஒரே நேரத்தில் பதிந்த தரவுகளைச் சேர்த்து, நான்கு குழுக்கள் ஒன்றுக்கொன்று தெரியாமல் படத்தை உருவாக்கி ஒப்பிட்டுப் பார்த்தன. மறுபடியும் அதே கண்டிப்பு.

இவையெல்லாம் எங்கோ தொலைவில் நடக்கும் சங்கதி என்று நினைக்க வேண்டாம். ஈர்ப்பு குறைந்த இடத்தில் நேரம் சற்று வேகமாக ஓடும் என்பது அதே கோட்பாட்டின் இன்னொரு விளைவு. ஹப்புத்தளை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,400 மீற்றர் உயரம். கணக்குப் போட்டால், அங்குள்ள கடிகாரம் கொழும்புக் கடிகாரத்தைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 13 நனோ செக்கன் முந்தும். ஐம்பது வருடம் அந்த மலையில் கொழுந்து பறித்த ஒரு தாய், கொழும்பிலேயே இருந்த ஒருவரைவிட ஒரு செக்கனின் நாலாயிரத்தில் ஒரு பங்கு கூடுதலாக வாழ்ந்திருப்பார். அவருடைய முதுகு கண்ட வலிக்கு இது ஈடாகாது. ஆனால் கணக்கு உண்மை. பதுளையிலிருந்து பசறைக்கு வழி காட்டும் போனில் உள்ள வரைபடமும் இதை நம்பித்தான் இயங்குகிறது. அதற்கு நேரம் சொல்லும் செய்மதிகளின் கடிகாரங்கள், உயரத்தினால் முந்துவதும் வேகத்தினால் பிந்துவதும் போக, நாளுக்கு 38 மைக்ரோ செக்கன் முந்துகின்றன. திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் இடம் பத்துக் கிலோமீற்றருக்கு மேல் பிழைக்கும்.

துடைப்பமா, மானின் மறைவிடமா?

இனி மார்க்கப் பக்கம். நான் ஆலிம் அல்ல. தமிழ் ஆசிரியன். ஆகையால் சொல்லளவில் நின்று பேசுகிறேன். பிழையிருந்தால் உலமாக்கள் திருத்தட்டும்.

கருந்துளை எழுத்தாளர்கள் எல்லாரும் சுட்டுவது ஸூரா அத்தக்வீரின் 15, 16 ஆம் வசனங்களை. அங்கே வரும் 'அல்குன்னஸ்' என்ற சொல்லைக் 'கூட்டிப் பெருக்குபவை' என்று எடுத்து, கருந்துளை பிரபஞ்சத்தின் துடைப்பம் என்று விளக்குகிறார்கள். நானும் அப்படித்தான் எழுதினேன். அந்த மூல எழுத்துக்களுக்குக் கூட்டுதல் என்ற பொருள் அரபியில் இருப்பது உண்மை. ஆனால் அதே மூலத்திலிருந்து 'கினாஸ்' என்ற சொல்லும் வருகிறது. வெயிலுக்கும் வேட்டைக்கும் தப்பி மான் புகுந்துகொள்ளும் மறைவிடம் அது. ஹிஜ்ரி 310 இல் வபாத்தான இமாம் தபரீ இவ்வசனங்களுக்கு முன்னோர் கூறிய விளக்கங்களைத் தொகுத்திருக்கிறார். பகலில் மறைந்து இரவில் தோன்றும் விண்மீன்கள் என்பது அலீ (ரழி) அவர்களிடமிருந்து வரும் விளக்கம். காட்டுப் பசுக்கள் என்பது இப்னு மஸ்ஊத் (ரழி) அவர்களிடமிருந்து வருவது. மான்கள் என்போரும் உண்டு. பின்வாங்குவது, ஓடுவது, தன் மறைவிடத்தில் புகுந்துகொள்வது என்ற மூன்று அசைவும் அங்கே சேர்ந்திருக்கின்றன. பாலைவனத்து மனிதர் கண்ணால் கண்ட காட்சி அது. தபரீ அதை ஒரே பொருளோடு கட்டிப்போடாமல் பொதுவாக விட்டுவிடுகிறார்.

என் பழைய கட்டுரை இந்த இடத்தில் இரண்டு முறை உடைகிறது. மானின் மறைவிடத்தைத் தூக்கிவிட்டுத் துடைப்பத்தை வைத்தேன். வசனத்தின் அழகைக் கெடுத்தேன். எதற்காக? கருந்துளை கூட்டிப் பெருக்குகிறது என்பதற்காக. ஆனால் கருந்துளை கூட்டிப் பெருக்குவதுமில்லை. ஒரு பிழையான பௌதிகத்துக்குப் பொருந்துவதற்காக ஒரு சரியான தப்ஸீரைக் கைவிட்டிருக்கிறேன்.

"பொதுவாக விட்டார் என்றால் கருந்துளையும் அதற்குள் அடங்கும்தானே?" என்று நண்பரொருவர் கேட்டார். மறைந்து மறைந்து தோன்றும் எல்லாம் அடங்கும் என்றால், இன்னதை முன்கூட்டிச் சொன்னது என்ற வாதம் அங்கேயே விழுந்துவிடுகிறது. அதோடு, நிகழ்வெல்லைக்குள் போனது மறுபடி தோன்றுவதில்லை. இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். அந்த வசனங்களைப் பதினான்கு நூற்றாண்டாக ஓதுகிறோம். கருந்துளை என்ற பெயர் பரவிய பிறகுதான் அங்கே கருந்துளை 'கிடைத்தது'. விடைத்தாள் வெளிவந்த பிறகு விடை எழுதும் மாணவனுக்கு நாம் புள்ளி போடுவதில்லை. நாளைக்குக் கோட்பாடு திருந்தினால் என்ன செய்வோம்? வேறு வசனத்தைத் தேடுவோமா, இதே வசனத்துக்கு வேறு பொருள் சொல்வோமா? எப்படியும் ஆட்டம் காண்பது பிள்ளைகளின் ஈமான்தான்.

இதற்கு ஸீராவிலேயே நமக்கு வழிகாட்டல் உண்டு. நபி (ஸல்) அவர்களுடைய மகன் இப்ராஹீம் வபாத்தான நாளில் சூரிய கிரகணம் பிடித்தது. வானியல் கணிப்பு அதை 632 ஜனவரி 27 என்கிறது. அந்தப் பிள்ளையின் மரணத்துக்காகவே சூரியன் மறைந்ததென்று மக்கள் பேசிக்கொண்டார்கள். சும்மா இருந்திருந்தால் போதும், பேச்சு பரவியிருக்கும். ஆனால் மகனை இழந்த துயரத்திலும், எவருடைய மரணத்துக்காகவும் வாழ்வுக்காகவும் சூரிய சந்திரரைக் கிரகணம் பிடிப்பதில்லை என்ற கருத்தை அவர்கள் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். புகாரியில் பதிவான செய்தி இது. கையில் வந்து விழுந்த 'அற்புதத்தை' உண்மைக்காக மறுத்த நபியின் உம்மத் நாம். நமக்கு விண்வெளியிலிருந்து இரவல் அற்புதம் எதற்கு?

பெருமை எழுத்தின் இரண்டு முகங்கள்

இந்த நோய் மார்க்க எழுத்துக்கு மட்டும் உரியதல்ல. தமிழ்ப் பெருமை எழுத்திலும் உண்டு. சுப்பிரமணியன் சந்திரசேகரைப் பற்றித் தமிழில் வந்த எத்தனையோ கட்டுரைகளை வாசித்திருக்கிறேன். தமிழ்க் குடும்பம், 1910 இல் லாகூரில் பிறப்பு, சென்னை மாநிலக் கல்லூரி, 1983 இல் நொபெல். அத்தோடு பல கட்டுரைகள் முடிந்துவிடும். அவர் செய்தது என்ன? 1930 இல், பத்தொன்பது வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது போட்ட கணக்கு அது. எரிந்தடங்கிய விண்மீனின் கரு சூரியனைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேல் திணிவுடையதாயிருந்தால் வெண்குறு விண்மீனாக நிலைத்து நிற்க முடியாது, மேலும் சுருங்கத்தான் வேண்டும். கருந்துளைக்குப் போகும் கதவு அந்தக் கணக்கில்தான் திறந்தது.

1935 ஜனவரி 11 அன்று இலண்டன் அரச வானியல் கழகக் கூட்டத்தில் அவர் அதை விளக்கினார். அடுத்து எழுந்த ஆர்தர் எடிங்டன் அதைக் கேலி செய்தார். இயற்கை இப்படி நடந்துகொள்ள விடாது என்பது அவருடைய நிலைப்பாடு. எடிங்டன் சாமானியர் அல்ல. 1919 மே 29 கிரகணத்தின்போது ஆபிரிக்கக் கரையோரத்துப் பிரின்சிப்பி தீவுக்குப் போய், முகிலோடு மல்லுக்கட்டி, சூரியனருகே விண்மீனொளி வளைகிறது என்பதற்குச் சான்று கொண்டுவந்தவர். ஐன்ஸ்டைனின் கோட்பாட்டுக்குச் சாட்சி சொன்ன அதே மனிதர், அக்கோட்பாடு கொண்டுபோய் விடும் அடுத்த படியை ஏற்க மறுத்தார். அவருடைய பெயருக்குப் பயந்து பலர் வாய் திறக்கவில்லை. கணக்கு சரியென்று உலகம் ஏற்கப் பல வருடம் எடுத்தது.

பெருமைக் கட்டுரைகள் விட்டுவிடும் பகுதி இதுதான். பெரியவர் சொன்னார் என்பது சான்றாகாது என்ற பாடம் இதில் இருக்கிறது. இப்னுல் ஹைதமை நாம் நடத்தும் விதமும் இப்படித்தான். முஸ்லிம் விஞ்ஞானிகள் பட்டியலில் அவருடைய பெயரை மேடை தோறும் வாசிக்கிறோம். தொலமியின் வானியலிலேயே ஐயங்களை எழுப்பி அவர் ஒரு நூல் எழுதினார் என்பதையும், முன்னோரின் எழுத்தை வாசிப்பவன் அதைச் சோதிக்கக் கடமைப்பட்டவன் என்று கருதினார் என்பதையும் சொல்வதில்லை. பெயரை எடுத்துக்கொண்டு முறையை விட்டுவிடுகிறோம்.

ஏன் இது பெரிய விடயம்?

"நல்ல எண்ணத்தோடு எழுதினதுதானே, விடுங்களேன்" என்று சிலர் சொல்வார்கள். விட முடியாததற்குக் காரணம் இருக்கிறது.

1955 ஜூன் 20 அன்று இலங்கையில் முழுச் சூரிய கிரகணம் தெரிந்தது. பொலன்னறுவைப் பக்கம் வெளிநாட்டு வானியலாளர்கள் கருவிகளோடு வந்து காத்திருந்தார்கள். பெரும்பாலானோருக்கு முகில்தான் கிடைத்தது. அதே கிரகணத்தைச் சுற்றி நாட்டில் இன்னொரு கதை பரவியது. அந்த நேரத்தில் வசம்பு அரைத்துக் குடித்தால் பெண்கள் வெளுத்து அழகாவார்கள் என்று. குடித்துப் பலர் நோயில் விழுந்தார்கள். என் உம்மாவின் உம்மா இதைச் சிரித்துச் சிரித்துச் சொல்வார். அறிவியலாளருக்கு முகில் மறைத்தது, நமக்கு வதந்தி மறைத்தது.

மற்றது சிரிக்கக்கூடியதல்ல. 2018 பெப்ரவரியில் அம்பாறையில், முஸ்லிம் உணவகத்தில் கருத்தடை மாத்திரை கலக்கிறார்கள் என்ற கதை பரவியது. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பின்னர் இரசாயனப் பகுப்பாய்வு அது மாவுக்கட்டி என்றது. முடிவு வருவதற்குள் நடக்க வேண்டியதெல்லாம் நடந்துவிட்டது. ஆதாரமில்லாத பேச்சினால் அடிபட்ட சமூகம் நாம். தகவலைத் தெளிவுபடுத்திக்கொள்ளும்படி ஸூரா அல்ஹுஜுராத் 6 ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. மற்றவர் நம்மைப் பற்றிப் பேசும்போது மட்டும் ஆதாரம் கேட்டு, நம்மைப் பற்றி நாமே பெருமை பேசும்போது கேட்காமல் விடுவது நீதியாகாது. வதந்தி நமக்குச் சாதகமாக இருந்தாலும் வதந்திதான்.

தலைப்பிறை பார்க்கும் வழக்கமே நமக்குப் போதுமான பயிற்சி. மார்கழிப் பனியில் பதுளை மலைகளுக்கு மேலே பிறை தெரிவது அபூர்வம். அதனால் பார்த்தோம் என்று நாங்களாகச் சொல்லிவிடுவதில்லை. யார் கண்டார், எங்கே கண்டார், கூட இருந்தவர் யார் என்று விசாரித்து, சாட்சி தேறினால்தான் பெருநாள். மாலையில் ஒரு கீற்றுப் பிறைக்கு இவ்வளவு கேட்கிறவர்கள், கருந்துளை பற்றி எழுதும்போது ஒன்றுமே கேட்காமல் எழுதுகிறோம்.

என்னைப் போன்ற எழுத்தாளருக்கு மூன்று சிறு வேண்டுகோள். 'விஞ்ஞானிகள் கண்டுபிடித்தனர்' என்று எழுதும் இடத்தில் யார், எப்போது, எதைப் பார்த்து என்று ஒரு வரி சேர்ப்போம். 'விழுங்கும்', 'உறிஞ்சும்' போன்ற சொல் பேனாவில் வந்தால், பொருளுக்கு அந்தச் செயல் உண்டா என்று நிறுத்திப் பார்ப்போம். வசனத்தை விளக்கும்போது முதலில் தப்ஸீரைத் திறப்போம். கருந்துளையை அறிந்து அல்லாஹ்வின் படைப்பை வியக்கத் தடையேதும் இல்லை. எஸ்2 விண்மீனின் பாதையையே எடுத்துச் சொன்னால் பிள்ளைகள் தாமாக வியப்பார்கள்.

அந்த மாணவி பிறகு ஒருநாள் மலரைத் திருப்பித் தந்தார். "கிழிச்சிடவா சேர்?" என்று கேட்டார். வேண்டாமென்றேன். கட்டுரையின் மேல் விளிம்பில் 'இது பிழை, திருத்தம் எழுதப்படும்' என்று எழுதிக் கையெழுத்திட்டு, நூலகத்திலேயே வைக்கச் சொன்னேன். அந்தத் திருத்தம் இதுதான். இதிலும் பிழையிருந்தால் அடுத்த இதழில் யாராவது எழுதட்டும்.

வல்லாஹு அஃலம்.